கவாத்துக் கணக்கு

ஏழாம் வகுப்பறையின் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஒரு நைலான் கயிற்றைக் கட்டினேன். கயிற்றில் ஏழு முடிச்சுகள். ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே பத்து வருடம். வலது கோடியில் இன்றைய நாள், இடது கோடியில் எங்கள் யாருக்கும் நினைவில்லாத காலம். தாள்களை மாட்டுவதற்குத் துணி காயப்போடும் கிளிப்புகளை மஞ்சூரில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மஞ்சூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போய், இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறி நடந்தால் வரும் நடுநிலைப் பள்ளி அது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை சமூக அறிவியல் எடுக்க என்னைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனவனே நான் ஒருவன்தான். அம்மா இன்றும் கோத்தகிரிக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், யாராவது உள்ளே வந்து நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்றிருக்கும். அந்தப் பயத்தினாலேயே எதையும் கொஞ்சம் அதிகமாகச் செய்வேன். பாடப்புத்தகத்தில் இருந்த செயல்பாடு ஒரு காலக்கோடு வரையச் சொன்னது, அவ்வளவுதான். கயிறும் முடிச்சும் என் யோசனை.

கயிற்றின் வலது கோடியில் செய்தித்தாள் துண்டுகளைத் தொங்கவிட்டோம். மண் சரிந்து பஸ் நின்றது, பச்சைத் தேயிலை விலை, ஊருக்குள் வந்த கரடி. மற்ற இடத்துக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து செய்தி கொண்டு வர வேண்டும். இப்போது இருக்கும் வீட்டுக்கு உங்கள் குடும்பம் எந்த வருடம் வந்தது என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் வந்த தாள்களில் பாதியில் வருடமே இல்லை.

"பெரிய மழைக்கு அடுத்த தையின்னு எழுதியிருக்கியே, எந்த வருசம்னு கேக்கலையா?" என்றேன் ஒருவனிடம்.

"கேட்டனுங்க சார். அதான் சொல்லிட்டன்ல, போய்ப் படின்னாருங்க அப்பா."

படுகர் வீட்டுப் பையன் ஒருவன், "நாங்க எப்பவுமே இங்கதான் இருக்கோமாம் சார்" என்று எழுந்தான்.

"அப்ப உனக்குக் கயிறு பத்தாது. நீ போய் ஜன்னல் கம்பில தொங்கு" என்றது பின் பெஞ்சு.

வகுப்பு சிரித்து முடித்ததும் முதல் பெஞ்சில் உட்காரும் பெண் தன் தாளைக் கொடுத்தாள். கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'பதினோராம் நம்பர் காட்டுல கவாத்து நடக்கும்போது நாங்க ஊடு கட்டினோம். அதுக்கு அப்புறம் ரெண்டு கவாத்து ஆயிருச்சு. கடைசிக் கவாத்து போன வருசம்.'

தேயிலைச் செடியை மேலே வளர விடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவாத்து. எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைக் காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒவ்வொரு நம்பருக்கும் முறை வரும். வெட்டிய குச்சிகளை விறகுக்குச் சுமந்துகொண்டு போவார்கள். அதனால் எந்தக் காடு எப்போது வெட்டுப்பட்டது என்பது பெண்களுக்கு மறக்காது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். நான் பிறந்தது ஆறாம் நம்பர் கவாத்து முடிந்த மாதம் என்றுதான் அம்மா சொல்வாள். பள்ளியில் சேர்த்த அன்று யாரோ ஓர் ஆசிரியர் அதை ஒரு தேதியாக மாற்றி எழுதிக்கொண்டார்.

அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. பட்டணத்திலிருந்து வந்த எந்த ஆசிரியருக்கும் இது புரிந்திருக்காது. எனக்குப் புரிகிறது. சாக்பீஸை எடுத்து, கவாத்தை வருடமாக மாற்றுவது எப்படி என்று பலகையில் பெரிதாக எழுதினேன். நாலு வருடத்துக்கு ஒரு கவாத்து. இரண்டு கவாத்துக்கு எட்டு. போன வருடத்திலிருந்து இன்றுவரை ஒன்று. ஆக ஒன்பது.

"சார், அம்மா அதுக்கு மேலயே இருக்கும்னு சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

"அம்மா தோராயமாச் சொல்லியிருப்பாங்கம்மா. நாம கணக்காப் போடறோம்."

அவள் பென்சிலில் எழுதியதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் 'ஒன்பது ஆண்டுகள்' என்று எழுதி, முதல் முடிச்சுக்கு ஒரு விரல் இந்தப் பக்கமாக மாட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரத்திலேயே கிராம நிர்வாக அலுவலர் பள்ளிக்கு வந்தார். எங்கள் வகுப்பறைதான் தேர்தலில் வாக்குச்சாவடி. சாய்தளம், குழாய், மின்சார பிளக் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நனைந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பார்த்து நின்றார். ஒவ்வொரு தாளாகப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், பென்சில் தாளிடம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"இது யாரோடது?"

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"ஓடைக்கு அந்தப்பக்கம், தண்ணித் தொட்டிக்கு மேல இருக்கற ஊடுதானே?"

"ஆமாங்க."

"ஒம்பது வருசமா இருக்கீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்காக நான் பேசினேன். "ஆமாங்க சார். கவாத்தை வச்சு நாங்களே கணக்குப் போட்டோம்" என்றேன்.

"நல்லாப் பண்றீங்க சார்" என்று சொல்லி, போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டார். ஓர் அதிகாரி என் வகுப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார் என்று அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பள்ளி கேட்டருகே ஒருவர் நின்றிருந்தார். எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்து அடிப்பவர். வேலைக்குப் போகும் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா.

"ஏனுங்க சார், எங்க ஊடு ஒம்பது வருசம்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கவாத்துக் கணக்கைச் சொன்னேன். பாதியிலேயே தலையை ஆட்டி நிறுத்தினார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த இடம் புறம்போக்குங்க. பட்டா கேட்டு மனுக் குடுத்திருக்கேன். பத்து வருசம் குடியிருந்தாத்தான் மனுவையே எடுப்பாங்கன்னாங்க. பன்னெண்டு வருசம்னு எழுதிக் குடுத்தேன். இருக்கறதைத்தானுங்க எழுதினேன். நேத்து விசாரணைக்கு வந்தவரு போனை நீட்டறாரு. உங்க புள்ளையே ஒம்பதுன்னு எழுதி ஸ்கூல்ல தொங்க விட்டிருக்குது, நீங்க பன்னெண்டுங்கறீங்க, பொய் மனுக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமாங்கறாரு. அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் பாத்துட்டு நிக்கறாங்க."

"வேற ஏதாவது ஆதாரம் இருக்குதுங்களா?"

"ரேசன் கார்டுல இன்னும் பழைய லைன் நம்பர்தான். கரண்டு வந்தே நாலு வருசம் ஆவுது. எதைக் காட்டச் சொல்றீங்க?"

"இங்க நாலு வருசத்துக்கு ஒருக்காதானுங்களே கவாத்து?"

"நாலா?" என்றார். "ஆறு வருசம்கூட ஆவும். யாரு உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை.

"அதைக் கிழிச்சுப் போட்டுருங்க சார்."

"கிழிச்சாலும் அவரு போன்ல இருக்குமுங்களே."

"அப்ப என்ன பண்றதுங்க? நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

தலைமையாசிரியை அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஊட்டியிலிருந்து தினமும் வருபவர். பேச்சில் ஒரு சொல்கூட வீணாக்கமாட்டார். "கயித்தை அவுத்துடுங்க. பள்ளிக்கூடத்துப் பேர்ல எந்த லெட்டரும் போகக்கூடாது. நீங்க போட்ட கணக்கு, நீங்கதான் பாத்துக்கணும் சார்" என்றார். வெளியே வரும்போது பின்னாலிருந்து, "டெம்பரரியில இருக்கீங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்றும் சொன்னார். மிரட்டலாக இல்லை, அக்கறையாகத்தான் பட்டது. வகுப்புக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம எஸ்டேட்ல எத்தன வருசத்துக்கு ஒருக்கா கவாத்து?"

"நாலு. ஏன், திரும்பவும் கொழுந்து பறிக்க வரப்போறியா?"

"மஞ்சூர்ப் பக்கமும் நாலுதானம்மா?"

"அங்க எப்படி நாலு ஆகும்? அது மேல இருக்குது, குளிரு. செடி மெதுவாத்தான் ஏறும். அஞ்சு, ஆறு ஆகும். இதுகூடத் தெரியாமயா உன்னைய வாத்தியாரு ஆக்கினாங்க?"

அம்மா சிரித்தாள். பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, நான் ஏறவில்லை. கவாத்தை அறிந்தவன் நான் மட்டும்தான் என்ற எண்ணத்தில், நான் பிறந்த எஸ்டேட்டின் கணக்கை இந்த மலைக்கு மேல் வைத்து அளந்திருக்கிறேன். பள்ளிக்கூடமே போகாத ஒரு தாய் தன் மகளிடம் சரியாகச் சொல்லி அனுப்பியதை, அந்தப் பெண் எழுந்து நின்று சொன்னதை, நான் தோராயம் என்று தள்ளினேன்.

அடுத்த சில நாட்கள் என்னால் சோறு சரியாகத் தின்ன முடியவில்லை. இதற்குள் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்ணின் அப்பா சொல்வதும் தவறாக இருந்து, உண்மையிலேயே ஒன்பது வருடம்தான் என்று தெரிந்தால் நான் என்ன செய்வேன்? வகுப்பில் ஆதாரம், உண்மை என்று பேசுகிறேன். அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்: ஒற்றை அறை, தகரக் கூரை, பின்னால் கேரட் போட்ட இரண்டு பாத்தி. அதை இழக்க வைக்கும் உண்மையை நான் எடுத்துக்கொண்டு போவேனா? இன்றும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் ஒரு கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதினோராம் நம்பர் காட்டின் கவாத்து வருடங்கள் வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க? கேஸா?"

"இல்லீங்க. வகுப்புல ஒரு கணக்குத் தப்பாப் போட்டுட்டேன்."

"கணக்குத் தப்பாப் போட்டதுக்கு ஆபீஸ் ரிஜிஸ்டரா? எங்க காலத்துல ரப்பர் போட்டு அழிச்சோம்."

முழுவதையும் சொன்ன பிறகு அவர் சிரிப்பை விட்டார். ரிஜிஸ்டரை வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது, நகல் தர முடியாது, கையெழுத்துப் போட முடியாது, மேனேஜர் துரைக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து நீளமான ஒரு நோட்டை எடுத்தார். தன் பக்கமாகவே பிடித்துக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். அவர்கள் வீடு கட்டியபோது நடந்த கவாத்துக்கும் அடுத்ததற்கும் ஆறு வருடம். அதற்கும் கடைசிக்கும் ஐந்து. "போன வருசத்துலேருந்து ஒண்ணு. கூட்டிக்குங்க" என்றார்.

பன்னிரண்டு. கவாத்து வருடங்களை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திங்கள்கிழமை பள்ளி முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்துக்குப் போனேன். வெளியே சான்றிதழுக்காக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் முறை வந்ததும் நோட்டை விரித்து வைத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நாந்தானுங்க."

"ஒம்பதுன்னு எழுதுனது?"

"அதும் நாந்தானுங்க."

"நீங்களே சொல்லுங்க சார், நான் எதை நம்பறது? அன்னிக்கு நான் கேக்கறப்ப அவ்வளவு தெளிவாச் சொன்னீங்க."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அன்னிக்குத் தெரியாம தெளிவாச் சொன்னேனுங்க" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"ஸ்கூல் பேப்பர் எல்லாம் எங்களுக்கு ஆதாரம் இல்ல. ஆனா பாத்துட்டேனே, பாக்காத மாதிரி எப்படி இருக்கறது? ஒண்ணு பண்ணுங்க. என்ன தப்பு, ஏன் தப்புன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க. எஸ்டேட்டுக்கு நான் லெட்டர் போட்டுக் கேக்கறேன். அவங்க பதில் வரட்டும்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பள்ளியின் பெயரைத் தலைப்பில் போடவில்லை. அனுப்புநர் என்று என் பெயர், அதற்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே தற்காலிக ஆசிரியர். 'மாணவியின் தாயார் கூறியது சரி. அதைத் திருத்தியது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதைத் தலைமையாசிரியை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டேன். மறுநாள் நானே அவரிடம் சொன்னேன். "எழுதிட்டீங்களா? சரி" என்று மட்டும் சொல்லி, வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கினார். அந்தச் சரி எதற்கு என்று மாதக் கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட்டின் பதில் உடனே வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரங்களில் முதல் பெஞ்சுப் பெண் வகுப்புக்கு வந்தாள், நோட்டில் எழுதினாள், கேள்வி கேட்டால் எழுந்து நின்றாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் இடைவேளையில் பின் பெஞ்சுப் பையன் அவளிடம், "சாரு உங்க ஊட்டுக்கு மூணு வருசம் கம்மி பண்ணிட்டாராமா? எனக்கும் மூணு வயசு கம்மி பண்ணச் சொல்லு, திரும்பவும் நாலாவதுல உக்காந்துக்கறேன்" என்று சொல்வது கேட்டது. அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போனாள். அவனைக் கூப்பிட்டுத் திட்ட வாய் வரவில்லை. அவன் சொன்னதில் தப்பேதும் இல்லை.

அவள் அப்பாவைச் சில காலைகளில் பாதையில் பார்ப்பேன். வணக்கம் சொல்வேன். தலையை அசைப்பார், நிற்கமாட்டார்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு வாரத்தில் அவரே வகுப்பறை வாசலுக்கு வந்தார். எஸ்டேட்டிலிருந்து பதில் போய்விட்டதாம். அலுவலர் டேப் பிடித்து வீட்டை அளந்துகொண்டு, அறிக்கையில் பன்னிரண்டு என்றே எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். "ஃபைலு தாலுக்கா ஆபீஸுக்குப் போயிருச்சுங்க. இனி அங்க எத்தன நாளோ" என்றார். நான் ஏதோ சொல்ல வந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "சார், ஒண்ணே ஒண்ணு. ஊட்டு விசயம் எதும் இனிமே புள்ளைகிட்டக் கேக்காதீங்க. சொல்லக்கூடாதுன்னு நானும் சொல்லி வச்சிருக்கேன்."

"சரிங்க" என்றேன்.

இதை எழுதும் இன்றுவரை பட்டா வரவில்லை. மனு தள்ளுபடியாகவும் இல்லை. மஞ்சூரில் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குத் தபால் ஏதாவது உண்டா என்று கேட்பேன்.

போன மாதம் நாட்டு நடப்புப் பாடத்துக்காக, ஆளுக்கொரு உள்ளூர்ச் செய்தி எழுதச் சொன்னேன். வீட்டைப் பற்றி வேண்டாம், ஊரில் பார்த்தது போதும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் நோட்டைத் திறந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாக எழுந்தது அன்றுதான்.

"சார், நாங்க எழுதறதை யாரு யாரு படிப்பாங்க?"

நானாக இதை ஒருமுறைகூடப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் படிப்பேன், வகுப்பில் மாட்டினால் நீங்கள் படிப்பீர்கள், பிறகு யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். மாட்ட வேண்டாம் என்றால் மாட்டமாட்டேன். தர வேண்டாம் என்றால் தர வேண்டாம்.

"தரலைன்னா மார்க்கு?" என்றது பின் பெஞ்சு.

"எழுதுனதுக்கு மார்க்கு. தர்றதுக்கு இல்ல."

அவள் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க எழுதி, பின்பக்கமும் திருப்பி எழுதினாள். மணி அடித்ததும் மற்றவர்கள் தாள்களை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்கள். அவள் தன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "எழுதிட்டேன் சார்" என்றாள். நான் மதிப்பெண் நோட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டேன்.